தள்ளிப்போன சனிக்கிழமை ஆட்டம்

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் மைதானத்திலும் தெருவிலும் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்டது. எல்லோருக்கும் அவன் பெஞ்ச். நகரத்தின் பெரிய கால்பந்து கிளப்பில் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு ஏதாவது ஆனால் இவன் இறங்க வேண்டும், அதுதான் வேலை. இவன் கிளப்பில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாக முதல் கோல்கீப்பர் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள். ஒருத்தருக்கும் சளி பிடிக்கவில்லை, சுளுக்கு விழவில்லை. ஒருத்தருக்குக் கல்யாணம் நடந்தது, அதுவும் ஆட்டமே இல்லாத மாதத்தில். இப்படி ஆரோக்கியமான மனிதர்களையெல்லாம் தேடிப் பிடித்து அந்த கிளப்பில் சேர்த்தது யார் என்று தெரியவில்லை.

அதற்காக அவன் உட்கார்ந்து சம்பளம் வாங்கினான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பயிற்சியில் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவன் அவன்தான். ஆட்டத்துக்கு முன்னால் முதல் கோல்கீப்பரின் உடம்பு சூடேற வேண்டுமே, அதற்குப் பந்தை உதைத்துப் போடுவதும் அவன்தான். பிறகு சட்டைக்கு மேலே ஒரு கலர் பனியனை மாட்டிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் போய் உட்காருவான். மற்றவர்கள் அங்கே பேசுவார்கள், ரெஃப்ரியைத் திட்டுவார்கள், எழுந்து எழுந்து உட்காருவார்கள். இவன் பந்தை மட்டும் பார்ப்பான். எதிரணிக்காரன் ஒருத்தன் உதைக்கக் காலைத் தூக்கும்போதே பந்து எந்தப் பக்கம் போகுமோ, இவன் உடம்பு அந்தப் பக்கம் லேசாகச் சாயும். அந்தச் சாய்வை யாரும் கவனித்ததில்லை.

கவனித்த ஒரே ஆள் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலங்களில் கடையில் கூட்டம் அள்ளும், ஆனாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டத்துக்கு எப்படியாவது வந்துவிடுவாள். அவளுடைய அப்பா அவர்களோடுதான் இருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானம் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

"வண்டி ஓட்டுறதைப் பாக்க டிக்கெட் எடுக்கலாம் மாப்பிள்ளை. ஸ்டெப்னியைப் பாக்க எவனாவது டிக்கெட் எடுப்பானா?" என்பார்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்து அவன் வீட்டுக்குள் நுழையும்போதும், இன்றைக்கு நன்றாக உட்கார்ந்தீர்களா என்று விசாரிப்பார். முதல் வருஷம் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. போகப் போகப் பழகிவிட்டது. முதுகுதான் கொஞ்சம் பிடித்துக்கொண்டது மாமா என்று அவனும் பதில் சொல்லக் கற்றுக்கொண்டான்.

அப்படிப்பட்ட மனிதர் கேலிப் பேச்சுக்கு இடம் கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. அது பெரிய குரு. அந்த நாட்டில் பாதிப் பேருக்கு அவர் தலைமைக் குரு, மீதிப் பேருக்கும் மதிப்புக்குரியவர். எப்போதோ ஒரு மழை நாளில் மாமனார் ஓட்டிய பஸ்ஸில் அவர் ஏறி, வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, உட்காரச் சொல்லி எழுந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாராம். அன்றைக்கு ஒரு தடவைகூடப் பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை என்று மாமனார் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். கூடத்துச் சுவரில் குருவின் படம் மட்டும்தான் இருந்தது.

இனி சிவப்பு அட்டைக் கதைக்கு வருவோம். அப்போதைய முதல் கோல்கீப்பரை ரசிகர்கள் சுவர் என்று கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான், உயரமும் அகலமும். ஒரு ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் எதிரணிக்காரன் ஒருத்தன் பந்தோடு தனியாகப் பாய்ந்து வந்தான். சுவர் கோலுக்கு முன்னால் இருக்கும் கட்டத்தை விட்டு வெளியே ஓடி வந்து மறித்தான். கட்டத்துக்கு வெளியே கோல்கீப்பரும் பந்தைக் கையால் தொடக்கூடாது. பந்து அவன்மேல் பட்டுத் தெறித்தது. ரெஃப்ரி விசிலை ஊதி, கையால் தடுத்தாய் என்று சிவப்பு அட்டையைக் காட்டிவிட்டார். சுவர் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினான். யார் கேட்டார்கள்?

சுவர் வெளியே போனால் பெஞ்ச் உள்ளே போக வேண்டும். ஆனால் கோச் ஆள் மாற்றும் வாய்ப்பையெல்லாம் அதற்கு முன்பே தீர்த்துவிட்டிருந்தார். அதனால் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் கோலுக்குள் போய் நிற்க வேண்டி வந்தது. அவனுக்குக் கையுறை? பெஞ்ச் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசியில் அவன் கையுறைதான் மைதானத்துக்குள் போனது.

ஆனால் சிவப்பு அட்டை வாங்கியவன் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. அடுத்த சனிக்கிழமை பெஞ்ச் ஆடியே ஆக வேண்டும். வேறு கோல்கீப்பர் இல்லை. அந்தச் செய்தி அவனுக்கு முன்பாகத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பரப்பியவர் யார் என்கிறீர்கள்? மாமனார்தான். இஸ்திரிக் கடையில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், பழைய டிரைவர் கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். வரிசையில் நின்று டிக்கெட்டும் எடுத்து வந்துவிட்டார். மகளிடம், உன் புருஷனுக்கு முட்டிக்குக் கட்டு ஏதாவது நல்லதாக இருந்தால் கடையிலிருந்து எடுத்து வா என்றார். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அந்த சனிக்கிழமை விடியும்போது பெரிய குரு காலமாகிவிட்டார்.

பெஞ்ச் பல் துலக்கிக்கொண்டிருந்தான். கூடத்தில் மாமனார் விசும்புகிற சத்தம் கேட்டது. டிவியில் ஒரே செய்திதான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு வரி ஊர்ந்தது: மறைந்த குருவுக்கு மரியாதை செலுத்தும் விதமாக இந்த வாரக் கால்பந்து ஆட்டங்கள் அனைத்தும் ஒத்திவைக்கப்படுகின்றன. அவன் அந்த வரியைத்தான் பார்த்தான். நல்ல மனிதர் ஒருவர் போய்விட்டார், வீட்டில் ஒரு கிழவர் தேம்பித் தேம்பி அழுகிறார், இவனுக்கோ, இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா என்று வந்தது. வந்த மறுகணமே வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மனைவி கடைக்குக் கிளம்பும்போது அவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அவருக்காகவும் அழலாம், ஆட்டத்துக்காகவும் அழலாங்க. ரெண்டும் ஒரே மனசுக்குள்ள இருந்தா தப்பில்ல."

அவன் கிளப் செயலாளருக்குப் போன் போட்டான். தடை அந்தத் தேதிக்கா, ஆட்டத்துக்கா என்று தெரிந்தாக வேண்டும். தேதிக்கு என்றால் தேதி போனதோடு தடையும் போயிற்று, சுவர் திரும்பி வந்துவிடுவான். செயலாளர் பொறுமையாகவே சொன்னார்: தடை ஆட்டத்துக்குத்தான். ஒத்திவைத்த ஆட்டம் அடுத்த சனிக்கிழமை நடக்கும், அதில்தான் சுவர் ஆட முடியாது. பெஞ்சுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் செயலாளர் போனை வைக்கவில்லை.

அவர் சொன்னது இதுதான். சுவருக்குக் கொடுத்த சிவப்பு அட்டை தப்பு என்று கிளப் மேல்முறையீடு செய்திருந்தது. விசாரிக்கும் குழு புதன்கிழமைதான் கூடும். பழைய தேதியில் ஆட்டம் நடந்திருந்தால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எல்லாம் முடிந்த பிறகு வரும் தீர்ப்பு. இப்போது ஆட்டம் தள்ளிப்போனதால் தீர்ப்பு முந்திக்கொண்டது. புதன்கிழமை ஜெயித்தால் சனிக்கிழமை சுவர் ஆடலாம். சிக்கல் என்னவென்றால் கேமரா எதிர்ப்பக்கம் இருந்தது, படத்தில் சுவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பெஞ்சில் இருந்த மற்றவர்களைக் கேட்டால், அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து நின்று கொஞ்சம் முன்னால் வெளியே போன பந்தை எறிவது யார் என்று கோட்டு ரெஃப்ரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம் என்றார்களாம்.

"நீ உக்காந்துதானே இருந்திருப்ப. உன் கண்ணு முன்னாடிதான் நடந்திருக்கு. நெஞ்சா, கையா? நீ பாத்தியா?"

பெஞ்ச் பார்த்திருந்தான். பந்து நெஞ்சில் பட்டது. சட்டையில் இருந்த கிளப் சின்னத்துக்கு ஒரு விரற்கடை கீழே. கை பின்னால் இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் சார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் பெரிய குருவின் உடலைப் பார்க்க நகரமே திரண்டது. பிரார்த்தனை மண்டபத்திலிருந்து வரிசை தெருத்தெருவாகச் சுற்றி நின்றது. மாமனாருக்கு முழங்கால் வலி. பெஞ்ச் கையோடு ஒரு மடக்கு நாற்காலி கொண்டு போயிருந்தான். வரிசை நகர்கிறபோது மடக்குவான், நிற்கிறபோது விரிப்பான். எதிரே பஸ் டிப்போவில் வண்டிகளெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. குருவுக்காக ஓட்டுநர்கள் செய்த மரியாதை அது. மாமனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வரிசை ஒரு முட்டுச்சந்தில் வெகு நேரம் நகராமல் நின்றபோது பெஞ்ச் விஷயத்தைச் சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அந்த மனசோடு அந்த மண்டபத்துக்குள் போக அவனுக்குக் கால் வரவில்லை. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பாக்கலைன்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை."

"மாமா?"

"பாக்கலைன்னு சொல்றதுல என்ன வந்துச்சு? யார் தலையையும் வாங்கலையே. அந்தப் பையன் வருஷம் பூரா ஆடறான். உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு." அவர் குரல் கம்மியது. "நான் கிண்டல் பண்றேன்னு நினைச்சிருப்பீங்க. நீங்க அங்க போய் உக்கார்றதைப் பாக்க எனக்குச் சகிக்கலை, அதான் நான் வந்ததே இல்ல. ஒரு தடவை நீங்க நிக்கறதைப் பாத்துடணும்."

குருவின் உடலைப் பார்க்க நிற்கும் வரிசையில், குருவின் பக்தர், பொய் சொல்லச் சொல்கிறார். இதைவிடப் பெரிய அன்பை எந்த மாமனாராவது எந்த மாப்பிள்ளைக்காவது காட்டியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. வரிசை நகர்ந்தது, பெஞ்ச் நாற்காலியை மடக்கினான்.

மண்டபத்துக்குள் நிற்க விடவில்லை, நடந்துகொண்டே இருக்க வேண்டும். மாமனார் கையெடுத்துக் கும்பிட்டு அழுதபடி கடந்து போனார். பெஞ்ச் நேற்றைக்கு நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டான். ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவி வந்ததும் அவளிடமும் சொன்னான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவருகிலேயே நின்று கேட்டாள். அப்பா சொன்னதும் அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது, அவரை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. நீங்க என்ன நினைக்கறீங்க என்று மட்டும் கேட்டாள்.

"இத்தனை வருஷமா அங்க உக்காந்து நான் செஞ்ச ஒரே வேலை பாக்கறதுதான். அதைப் போய்ப் பாக்கலைன்னு சொன்னா, அப்புறம் நான் என்னதான் செஞ்சேன்?"

கூடத்தில் நாற்காலியில் இருந்த மாமனாருக்கும் அது கேட்டது. அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

புதன்கிழமை விசாரணை ஒரு அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. மின்விசிறி ஓடினால் மேசையில் இருந்த தாள்கள் பறந்தன, நிறுத்தினால் எல்லோருக்கும் வேர்த்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்ச் தான் பார்த்ததைச் சொன்னான், தன் நெஞ்சில் இடத்தைத் தொட்டும் காட்டினான். நடுவில் இருந்தவர் அவனுடைய அம்மா வயசுப் பெண்மணி, முன்னாள் ரெஃப்ரி. உங்கள் கிளப் ஆளுக்கு நீங்கள் சாதகமாகத்தானே பேசுவீர்கள் என்று கொஞ்சம் முறைப்பாகவே கேட்டார். பிறகு, அணியில் நீங்கள் என்ன ஆடுகிறீர்கள் என்றார். கோல்கீப்பர் என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவரை விட்டுட்டா சனிக்கிழமை நீங்க ஆட முடியாதே."

"முடியாதும்மா."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்மா."

அவர்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வரவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. சிவப்பு அட்டை ரத்து. செயலாளர் படிக்கட்டில் பெஞ்சின் முதுகில் ஓங்கித் தட்டி, பெரிய மனசுப்பா உனக்கு என்றார். பெரிய மனசு வைத்திருக்கிறவன் நேராக வீட்டுக்குப் போவான். இவன் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தான். மாமனார் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவன் முகத்திலேயே இருந்தது. டிக்கெட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்றார். எடுத்தது எடுத்ததுதான், நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் வந்து பார்க்கிறேன் என்றார்.

இதற்கு நடுவில் ஒரு சங்கதி. துக்க வாரம் என்பதால் பயிற்சிக்கு விருப்பமுள்ளவர்கள் வந்தால் போதும் என்று கிளப் அறிவித்திருந்தது. எப்படியும் ஆட முடியாது என்று சுவர் மனைவியோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான், தீர்ப்பு வந்த பிறகும் சனிக்கிழமைதான் திரும்பினான். பெஞ்ச் துக்க வீடு, விசாரணை என்று எது இருந்தாலும் காலையில் மைதானத்தில் இருந்தான். தடுப்பாட்டக்காரர்களும் வந்தார்கள், வராவிட்டால் கோச் சும்மா விடமாட்டார் என்ற பயத்தில். விசாரணை முடிந்த மறுநாளும் பெஞ்ச் வந்தான். ஆடப்போவதில்லை என்று தெரிந்தும் கார்னர் என்கிற மூலைப் பந்துகளுக்குக் குதித்து விழுந்துகொண்டிருந்தான். கோச் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாராட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை, அன்றைக்கும் பேசவில்லை.

சனிக்கிழமை உடை மாற்றும் அறையில் சுவர் வந்து பெஞ்சைக் கட்டிப் பிடித்தான். நன்றியைச் சரியாகச் சொல்லத் தெரியாமல், மாமியார் வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன் என்று சிரித்தான். சிரித்திருக்க வேண்டாம். கோச் உள்ளே வந்து ஆடப்போகிறவர்களைச் சொன்னார். கோல்கீப்பர் என்று சொல்லிப் பெஞ்சைக் கைகாட்டினார்.

சுவருக்கு முகம் சிவந்தது.

"நான் ஆடலாம்னு தீர்ப்பு வந்துடுச்சே கோச்?"

"ஆடலாம்னுதான் சொல்லியிருக்காங்க. ஆடணும்னு சொல்லலை. கோல்ல யாரை நிறுத்தறதுங்கறது என் வேலை. வாரம் பூரா தடுப்பாட்டக்காரனுங்க இவன் குரலைக் கேட்டுத்தான் ஓடியிருக்கானுங்க. இன்னைக்கு நான் மாத்த மாட்டேன்."

சுவர் சந்தோஷப்பட்டான் என்று சொன்னால் அது பொய். கையில் இருந்த பாட்டிலை மூலையில் விட்டெறிந்தான். பிறகு, எறிந்த பாட்டிலைத் தானே போய் எடுத்தான். ஆட்டத்துக்கு முன்னால் பெஞ்சுக்கு உடம்பு சூடேறப் பந்தை உதைத்துப் போட்டது சுவர்தான். முதல் நாலைந்து பந்து கோபத்தில் வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒழுங்காகவே வந்தது.

இரண்டு அணியும் நடுவட்டத்தைச் சுற்றி நின்றன. பெரிய குருவுக்காக மைதானமே எழுந்து நின்று மௌனம் காத்தது. அத்தனை ஆயிரம் பேர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. பெஞ்ச் தலைகுனிந்து நின்றான். பக்கத்தில் நின்றவனின் கை அவன் தோள்மேல் இருந்தது. இவ்வளவு வருஷத்தில் மைதானத்தின் நடுவிலிருந்து ரசிகர்கள் உட்காரும் படிகளை அவன் பார்த்ததேயில்லை. எங்கோ மேலே மாமனார் இருக்கிறார், தேடிக் கண்டுபிடிக்க நேரமில்லை. விசில் ஒலித்தது. கோலை நோக்கி ஓடினான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எதிரணிக்கு ஒரு மூலைப் பந்து கிடைத்தது. பந்து வளைந்து வந்தது. அவன் அதைப் பார்த்தான், சரியாகவே பார்த்தான், விடு என்று கத்தினான். தடுப்பாட்டக்காரன் கேட்காமல் குறுக்கே குதித்துத் தலையால் தட்டிவிட்டான். பந்து திசை மாறி, விழுந்துகொண்டிருந்த பெஞ்சின் விரல் நுனியை உரசிக்கொண்டு உள்ளே போனது. எதிரணி ரசிகர்கள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள்.

அவன் எழுந்து வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தான். அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானம் அவனுடையது. இத்தனை வருஷம் கிளப் வாங்கிய கோல்கள் எல்லாமே வேறு யாரோ விட்ட கோல்கள், அதற்காக அவன் வருத்தப்பட்டது எல்லாம் இரவல் வருத்தம். இது அவன் விட்ட கோல். தோற்பதற்குக்கூட ஒரு ஆட்டம் கையில் வேண்டும், அது இப்போது அவன் கையில் இருந்தது. கண் கலங்கியதை முன்கையால் துடைத்துக்கொண்டான். தவறு செய்த தடுப்பாட்டக்காரன் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். பெஞ்ச் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"நான் விடுன்னா விடணும். புரியுதா? அதை நான் பாத்துட்டேன். என் பந்து அது."

"சரிண்ணே."

பந்தை நடுவட்டத்துக்கு ஓங்கி உதைத்து அனுப்பிவிட்டு, இரண்டு கம்பத்துக்கும் நடுவில் வந்து நின்றான். ஆட்டம் முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது.